சுவர் பதில் சொல்லாத சனிக்கிழமை

எங்கள் மைதானம் யாருக்குச் சொந்தம் என்று எங்களில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. வல்லம் வடகால் தொழிற்பேட்டையின் கடைசி ரோடும் முடிந்து ஏரிக்கரை தொடங்குகிற இடத்தில், ஏதோ கம்பெனிக்காக மண்ணடித்துச் சமப்படுத்திய நிலம் அது. கம்பெனி வரவில்லை. பந்தோடு நாங்கள் வந்தோம். கட்டட வேலையில் மிச்சமான சாரக் குழாய்களை நட்டுக் கோல் போஸ்ட் ஆக்கினோம். ரோடு போட்டவர்கள் விளக்குக் கம்பங்களையும் நட்டுவிட்டுப் போயிருந்ததால், பொழுது சாய்ந்தால் ஆளே இல்லாத ரோட்டில் வரிசையாக விளக்கு எரியும். முதல் தடவை பார்க்கிறவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்வோம்.

பழகாதது அந்தச் சுவர்தான். மைதானத்துக்கு வடக்கே மூடிக் கிடக்கும் ஒரு பெரிய ஷெட்டின் பின்பக்கச் சுவர். மூன்று மாடி உயரம், ஒரு ஜன்னல்கூடக் கிடையாது, மழைத் தண்ணீர் வடிந்து வடிந்து கறுப்புக் கோடுகள் விழுந்திருக்கும். உள்ளே என்ன செய்தார்கள், ஏன் மூடினார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். கரண்ட் வெட்டிப் பல வருஷம் ஆன பிறகும் உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம் கேட்பதாக அந்தப் பக்கம் ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் சொல்வார்கள். நான் பக்கத்திலேயே வடக்குப்பட்டில் பிறந்து வளர்ந்தவள். பேய்க்கதைக்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. ஆனாலும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க எனக்குப் பிடிக்காது.

என் வீட்டுக்காரர் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். அங்கே பிள்ளைகள் நடக்கப் பழகுவதற்கு முன்பே பந்தை உதைக்கப் பழகிவிடுவார்கள் போலிருக்கிறது. வேலைக்கென்று ஒரகடம் வந்து, கார்க் கதவு செய்கிற ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தவர். இரும்புத் தகட்டின் மேல் யானை கனத்துக்கு அச்சு இறங்கி, ஒரே அடியில் அதைக் கதவாக்கும் இடம் அது. காதில் வைத்துக்கொள்ள அடைப்பான் கொடுப்பார்கள். இவர் ஒரு காதில் வைப்பார், இன்னொன்றைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். பக்கத்து மிஷின்காரரும் பந்துப் பைத்தியம். அந்தப் பக்கத்துக் காதை அடைத்துக்கொண்டால் முந்தின நாள் பார்த்த மேட்சைப் பற்றி ஷிஃப்ட் முழுக்க எப்படிப் பேசுவதாம்? பேச்சு என்றால் கத்தல்தான், ஆனால் அதையும் விடமாட்டார்கள்.

முட்டி போன பிறகு அவர் ஆடுவதில்லை. ஆதரவாளர்களுக்குத் தலைவர் ஆகிவிட்டார். தெற்கத்திப் பையன்களும் எங்கள் ஊர் ஆட்களுமாகச் சேர்ந்த அணி எங்களுடையது. சுற்றுவட்டத்து அணிகள் எல்லாம் மோதும் லீக் பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். எங்கள் கூட்டத்தில் எப்போது கைதட்டுவது, எப்போது கத்துவது, எப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எல்லாம் அவர் சொல்வதுதான். தெற்கத்திப் பையன்கள் அவரை அண்ணே என்றும் என்னை மைனி என்றும் கூப்பிடுவார்கள். பறை அடிப்பவர் எங்கள் ஊர்க்காரர், கம்பெனி வேன் ஓட்டுகிறவர், எனக்குத் தம்பி முறை. அவருக்கு இவர் மாமா.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சீசனின் முதல் மேட்சுக்கு முந்தின நாள் விடிகாலையில் சுவரிடம் கேட்பது. தலைவர் மட்டும் மைதானத்தின் நடுவட்டத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நிற்பார். இடைவெளி விட்டு மூன்று தடவை கைதட்டுவார். ஒவ்வொரு தட்டுக்கும் சுவர் திருப்பித் தட்டும். மூன்றும் சுத்தமாக வந்துவிட்டால் அந்த வருஷம் எங்களுக்கு நல்ல வருஷம். அவர் இரண்டு கையையும் தூக்குவார், உடனே பறை தொடங்கும். மற்றவர்கள் எல்லாம் அதுவரை தூரத்து ஏரிக்கரையில் வாய் திறக்காமல் நிற்க வேண்டும். கூட்டமாகப் போனால் யாருக்குப் பதில் சொல்வது என்று சுவர் குழம்பிவிடுமாம். நடுவில் நிற்பவர் காதில் விழுவதுதான் கணக்கு. கரையில் நிற்கிறவனுக்கு என்ன கேட்டாலும் அது செல்லாது.

சிரிக்கத்தான் தோன்றும். முதல் வருஷம் சும்மா விளையாட்டுக்குத் தட்டினார்கள், பதில் வந்தது, ஜெயித்தார்கள். அடுத்த வருஷம் தட்டும்போது பக்கத்து ரோட்டில் லாரி போய்ப் பதில் அமுங்கிவிட்டது. முதல் மேட்சில் வாங்கின அடியை இன்னும் ஒரகடம் டீக்கடைகளில் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதற்குப் பிறகு அது விளையாட்டாக இல்லை. மிஷினுக்கு ஆயுத பூஜை போடுகிறவர்கள் சுவரை நம்புவதில் என்ன ஆச்சரியம்?

இந்த வருஷம் பொங்கலுக்கு முன்பே எங்கள் கவலைகள் தொடங்கிவிட்டன. முன்வரிசையில் ஆடுகிறவன் கான்ட்ராக்ட் முடிந்து ஓசூர் போய்விட்டான். வலதுபக்கத் தடுப்பாளனுக்குக் கல்யாணம். மாமியார் வீட்டு விருந்தெல்லாம் முடிந்து வருவானா என்றே தெரியவில்லை. கோல்கீப்பர் என் வீட்டுக்காரரின் ஊர்க்காரன், விடுமுறைக்குப் போனவன் போனை எடுக்கவில்லை. எதிர்த்து ஆடுகிற ஸ்ரீபெரும்புதூர் அணியில் வடகிழக்கிலிருந்து வந்த புதுப் பையன்கள் மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள், கால் தரையிலேயே படுவதில்லை என்று செய்தி. எங்கள் வாட்ஸப் குரூப்பில் நாள் முழுக்க இதே புலம்பல்தான். அதற்கு நடுவே புது ஜெர்ஸி வந்து இறங்கியது. அதைப் போட்டுக்கொண்டு போட்டோ எடுப்பதில் எல்லாரும் கொஞ்ச நேரம் கவலையை மறந்தோம்.

எங்கள் வீட்டில் வேறொரு தொந்தரவும் நடந்துகொண்டிருந்தது. அறையில் ஒரு சில்வண்டு புகுந்துவிட்டது என்று இவர் சொல்ல ஆரம்பித்திருந்தார். படுத்தால் போதும், ஊசி மாதிரி ஒரே சத்தமாம். எனக்கு எதுவும் கேட்கவில்லை. கட்டிலை நகர்த்தினார், பீரோவை நகர்த்தினார், சுவிட்ச் பலகையைக் கழற்றிப் பார்த்தார். வண்டு கிடைக்கவில்லை. பொங்கலுக்கு அவருடைய ஊருக்குப் போனோம். கடல் சத்தத்துக்கு நடுவிலும் அதே வண்டு கேட்கிறது என்றார். நம்மோடேயே பஸ் ஏறி வந்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, உடம்பு கூசியது. திரும்பி வந்ததும் ஹவுஸ் ஓனர் அம்மா எலுமிச்சம்பழம் சுற்றிப் போடச் சொன்னார். வாசலில் பூசணிக்காயும் கட்டினேன். வண்டு போகவில்லை.

அதோடு ஆளும் ஒரு மாதிரி ஆகிவிட்டிருந்தார். அடுப்படியிலிருந்து நான் நாலு தடவை கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். குக்கர் விசிலை எண்ணி அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு நான் தண்ணீர் பிடிக்கப் போனால், திரும்பி வரும்போது பருப்பு கருகியிருக்கும். பைக்கில் பின்னால் உட்கார்ந்து நான் பேசுகிற பேச்சுக்கு உம் என்ற சத்தம்கூட வராது. கல்யாணமாகி நாலைந்து வருஷம் ஆனால் எல்லா ஆம்பளைகளும் இப்படித்தான் என்று நான் வேலை பார்க்கும் கம்பெனியில் என்னோடு ஒரே லைனில் நிற்கும் பெண்கள் சொன்னார்கள். நானும் கோபத்தில் பாத்திரத்தை ணங்கென்று வைப்பேன். அதற்கும் திரும்பமாட்டார், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கும்.

சனிக்கிழமை விடிந்தபோது மைதானமே இல்லை. அப்படி ஒரு பனி. ஏரிக்கரையில் பதினைந்து இருபது பேர் நின்றோம், பக்கத்தில் நிற்பவரின் கால்கூடத் தெரியவில்லை. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து நேராக வந்திருந்த பையன்கள் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். இவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரை இறங்கினார். பத்து அடி போனதும் பனி அவரை விழுங்கிவிட்டது. கையைத் தூக்கினாலும் தெரியாது என்பதால், பதில் வந்ததும் ஒரு குரல் கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

கைதட்டல் கேட்டது. ஒன்று. நீண்ட இடைவெளி. இன்னொன்று. மூன்றாவது. அப்புறம் ஒன்றும் இல்லை. நாங்கள் காத்திருந்தோம். மறுபடி மூன்று தட்டு கேட்டது, முதலில் தட்டியதைவிடப் பலமாக. அதற்குப் பிறகு இன்னொரு மூன்று. கடைசித் தட்டில் இருந்த பதற்றம் கரைவரை தெரிந்தது. பையன்களில் ஒருவன் என் சால்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டான், அவனுக்கே தெரியாமல் பிடித்திருப்பான்.

பனியைப் பிரித்துக்கொண்டு அவர் வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"ஒண்ணும் வரேல்ல," என்றார். "மூணு மட்டம் தட்டிப் பாத்தாச்சு. சுவரு செத்துக் கெடக்கு."

ஷெட்டையே இடித்துவிட்டார்களோ என்று ஒருவன் மெதுவாகக் கேட்டான். எங்கள் பக்கத்தில் அதுவும் நடக்கிற காரியம்தான்; ஒரு வாரம் அந்த வழியாகப் போகாமல் இருந்தால் இருந்த கட்டடம் இருக்காது, இல்லாத கட்டடம் முளைத்திருக்கும். நாலு பேர் கையை முன்னால் நீட்டிக்கொண்டே பனிக்குள் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். சுவர் அங்கேயேதான் நின்றது. தொட்டால் ஐஸ் மாதிரி சில்லிட்டதாம். தொட்டவன் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அப்போதுதான் பறை அடிக்கிற தம்பி வாயைத் திறந்தார்.

"எனக்கு லேசா கேட்ட மாரி இருந்திச்சி மாமா. மூணும் வந்திச்சி."

கரையில் நிற்பவன் காது கணக்கில்லை என்று இரண்டு பேர் அவர் மேல் பாய்ந்தார்கள். வழக்கம் வழக்கம்தான். ஆனால் அவர் சொன்னது அங்கிருந்து நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்: நடுவில் நின்ற அண்ணனுக்குப் பதில் சொல்லாத சுவர், அப்படியானால் வேறு யாருக்குப் பதில் சொன்னது? நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஏரித் தண்ணீரும் பனியும்தான் இருந்தன. டீ கொண்டுவந்த பிளாஸ்க்கை யாரும் திறக்காமலே வீட்டுக்குப் போனோம்.

அன்றைக்கு நடந்ததெல்லாம் சுவர் கணக்கில் ஏறியது. கோல்கீப்பர் ஒருவழியாகப் போனை எடுத்தான். நாகர்கோவிலிலிருந்து கிளம்பிய பஸ் பாதியில் நின்றுவிட்டது என்றான். ஜெர்ஸி பையைப் பிரித்தால் கேப்டனுடையது மட்டும் சின்ன சைஸ். நன்றாக இருந்த பையன் ஒருவனுக்கு மத்தியானம் காய்ச்சல் வந்தது. குரூப்பில் யாரோ மேட்சைத் தள்ளிப்போடக் கேட்கலாமா என்று எழுதினார்கள். பயந்துவிட்டார்கள் என்று ஸ்ரீபெரும்புதூர்க்காரர்கள் ஊர் முழுக்கச் சொல்வார்கள் என்று இன்னொருவர் எழுதினார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், மேட்சுக்கு முன்னால், இன்னொரு தடவை கேட்பது. அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த மைதானத்தில் இனிமேல் ஆடுவதில்லை.

இவர் அன்று சாப்பிடவில்லை. டிவியில் ஏதோ மேட்ச் ஓடியது. வழக்கம்போலச் சத்தம் பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டும் அளவுக்கு இருந்தது. ஆனால் அவர் திரையைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசும்போதெல்லாம் அப்படிப் பார்க்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஏன் என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. எதற்குப் பயம் என்று எனக்கே விளங்கவில்லை. வண்டு கேட்கிறதா என்று மட்டும் கேட்டேன். தலையாட்டினார். இன்றைக்கு இரண்டு வண்டு என்றார்.

ஞாயிற்றுக்கிழமையும் பனி இருந்தது, ஆனால் தரையோடு தரையாக, முழங்கால் உயரத்துக்கு. அதற்கு மேலே சுவர் எந்தக் காலும் இல்லாமல் அந்தரத்தில் நின்றது. கரையில் முந்தின நாளைவிட இரண்டு மடங்குக்கும் மேலே கூட்டம். செய்தி பரவி, பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். பறைக்காரத் தம்பி வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. கோல்கீப்பர் வந்துசேர்ந்திருந்தான். பையை இறக்காமல் நின்றான்.

இவர் செருப்பைக் கழற்றினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நீயும் கூட வா, பிள்ள. எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

வழக்கத்தில் அப்படி இல்லை. ஆனால் யாரும் தடுக்கவில்லை. நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். பனிக்குள் எங்கள் கால்கள் தெரியவில்லை. நடுவட்டத்தின் சுண்ணாம்புக் கோட்டைப் பாதத்தில் பட்ட பிசுபிசுப்பை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். சுவரை அத்தனை நேருக்கு நேராக நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் கையைத் தூக்கினார், பிறகு இறக்கிவிட்டார். நீ தட்டு என்று என்னிடம் ஜாடை காட்டினார்.

எனக்கு அந்த நேரத்தில் சுவரின் மேல் கடுங்கோபம். என் மனுஷனை ஒரு நாள் முழுக்கச் சோறு தண்ணி இல்லாமல் ஆக்கிவிட்டதே என்ற கோபம். இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி ஒரு தட்டு தட்டினேன்.

உடனே வந்தது. பக்கத்தில் நின்று ஒருத்தி தட்டியது மாதிரி, அவ்வளவு தெளிவாக. எனக்குப் புல்லரித்துவிட்டது. இரண்டாவது தட்டினேன், வந்தது. மூன்றாவதும் வந்தது. வாயெல்லாம் பல்லாக அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்தை லேசாகச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, இன்னும் வர வேண்டிய ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

என் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. மறுபடியும் ஒரு தட்டு தட்டினேன். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன். சுவர் தட்டியது. அவருடைய இமைகூட அசையவில்லை.

பயம் என்றால் என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கருகின பருப்பும், நான் ணங்கென்று வைத்த பாத்திரமும், வீட்டிலும் ஊரிலும் கூடவே வந்த வண்டும் ஒன்றன்பின் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றன. கம்பெனியில் வருஷா வருஷம் காது டெஸ்ட் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்வார்கள். போன தடவை முடித்துவிட்டு வந்து, அந்த நர்ஸம்மா ஒவ்வொரு சத்தத்துக்கும் புருவத்தைத் தூக்குகிறாள், காதே வேண்டாம், கண் இருந்தாலே பாஸாகிவிடலாம் என்று சொன்னார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த டெஸ்ட் மாசியில். அதில் தோற்றால் பிரஸ் ஷாப் இல்லை. பிரஸ் ஷாப் இல்லையென்றால் ஒரகடம் இல்லை, இந்த மைதானம் இல்லை.

கரையில் அத்தனை பேரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் என் பக்கம் திரும்பினார். என் முகத்தில் பாதியைப் படித்துவிட்டார் என்று நினைக்கிறேன். என் வாயைப் பார்த்தபடி, மெதுவாகக் கேட்டார்.

"வந்துதா?"

வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். சுவர்தான் செத்துவிட்டது என்று அவரும் நானும் இன்னும் கொஞ்ச நாள் நம்பியிருக்கலாம். கரையில் நிற்கும் பையன்கள் மைதானத்தை விட்டுவிட்டு வேறு இடம் தேடிப் போயிருப்பார்கள், அவ்வளவுதான். நாக்கு நுனி வரை அந்த வார்த்தை வந்தது. ஆனால் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

"வந்திச்சி," என்றேன்.

"மூணுமா?"

"மூணும்தான். நல்லாவே வந்திச்சி."

அவர் சுவரை இன்னொரு தடவை பார்த்தார். பார்த்தது கோபமாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை. ஆளை அடையாளம் கண்டுகொண்டது போல ஒரு பார்வை. பிறகு ஏரிக்கரையின் பக்கம் திரும்பினார். அங்கே நாற்பது ஐம்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்காக மூச்சை இழுத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.

கரை வெடித்தது. கோல்கீப்பர் பையை வானத்தில் வீசினான். ராத்திரி ஷிஃப்ட் பையன்கள் ஒருவரையொருவர் தூக்கிச் சுற்றினார்கள். பறை எழுந்தது, காய்ந்த தோலின் கனத்த சத்தம், பனிக்குள் மண் வழியாக வந்து பாதத்தில் இடித்தது. அவர் கையை இறக்கவே இல்லை. முகத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை. நான் அவர் முன்னால் போய், உதடு தெரியும்படி நின்றுகொண்டேன்.

அவர்தான் பேசினார்.

"பறை கேக்குது, பிள்ள," என்றார். "அது நல்லா கேக்குது."